வடிகுழாயில் சத்தமில்லை

மே 4, வியாழன்

கம்பெனி பஸ் ஓட்டுநர் அனடோலி இன்று காலை முன்கண்ணாடியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். கடுகளவு வெள்ளைப் புள்ளிகள், கண்ணாடி முழுக்க. "அக்கா, இது பறவை எச்சம் இல்ல. பறவைக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது" என்றான். ஈரத்துணிக்குப் போகவில்லை. கண்ணாடியையே அரித்திருக்கிறது.

இந்த உரத் தொழிற்சாலையிலிருந்து வெளியே போகிற புகைக்கு நான்தான் பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக. ஆகவே புள்ளியும் என்னுடையதுதான்.

மாலையில் வேலிக்கு அந்தப் பக்கத் தோட்டக்காரி ஸீனா ஒரு வெள்ளரி இலையைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டுவிட்டுப் போனாள். இலையில் ஓட்டை ஓட்டையாக இருந்தது.

பல் மருத்துவரிடம் இன்றும் போகவில்லை.

மே 5, வெள்ளி

இயக்குநர் எர்மெக் பதிலைத் தயாராக வைத்திருந்தார். "காலையில குளிரு. புகைபோக்கியில ஆவி தண்ணியாகி விழுது. இது வருஷா வருஷம் உள்ளதுதானே கம்ஷாத்?"

ஆவி தண்ணீராகி விழுந்தால் அது சுத்தத் தண்ணீர். காய்ந்தால் தடம்கூட இருக்காது. நான் கண்ணாடியிலிருந்து எடுத்த புள்ளியை ஆய்வகத்தில் லாரிசா கரைத்துப் பார்த்தாள். ஃப்ளோரின், பாஸ்பேட் இரண்டும் இருக்கின்றன. ஸ்க்ரப்பரில் புகையைக் கழுவச் சுற்றிவருகிற தண்ணீரில் இருப்பதே இதிலும் இருக்கிறது. அந்தத் தண்ணீர் கீழே தொட்டிக்குப் போகாமல் புகையோடு சேர்ந்து வெளியே பறக்கிறது. எப்படி என்பதுதான் கேள்வி.

இயக்குநரிடம் சொன்னேன். "பாருங்க" என்றார். அவர் "பாருங்க" என்றால் என்னிடம் வராதீர்கள் என்று அர்த்தம்.

மே 8, திங்கள்

விடுமுறைக்கு நடுவில் ஒரு நாள். ஆளில்லாத முற்றம், வேலை செய்ய வசதி. புகைபோக்கியைச் சுற்றி இருபது கண்ணாடித் தட்டுகளை வைத்து, ஒவ்வொன்றிலும் வடிதாள் ஒட்டினேன். துளி விழுந்தால் புள்ளி தெரியும்.

மே 9, செவ்வாய்

தட்டு 7: 212 புள்ளி. தட்டு 8: 190. தட்டு 12: 164. கண் வலிக்கிறது.

மே 10, புதன்

காலைக் கூட்டத்தில் இயக்குநர் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஓராஸ்பெக். ஷிஃப்ட் ஆபரேட்டர். ஏப்ரல் 30ஆம் தேதி தன் ஷிஃப்டில் உறிஞ்சு விசிறியின் டாம்பரை, அதாவது காற்றுக் கதவை, வழக்கத்தைவிட அகலமாகத் திறந்திருக்கிறார். பதிவேட்டில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. "வாயு வேகமா போனா துளி பறக்காம என்ன செய்யும்?" என்றார் இயக்குநர். பொதுவாகப் பார்த்தால் அவர் சொன்னது தப்பில்லை.

18ஆம் தேதி முதல் ஓராஸ்பெக் கிடங்குக்கு மாற்றம். உத்தரவு அச்சாகிவிட்டது.

கேடுள்ள வேலைப் பட்டியலில் இருப்பவர்களுக்கு முன்னதாகவே ஓய்வு உண்டு. ஓராஸ்பெக்குக்கு இன்னும் பதினான்கு மாதம். கிடங்கு அந்தப் பட்டியலில் இல்லை. போனால் அந்த உரிமையும் போய்விடும். இருபத்தாறு வருடம் அமிலப் புகையில் நின்றது வீண்தான்.

இன்னொன்றும் இங்கே எழுதிவைக்க வேண்டும். ஓராஸ்பெக் என் சம்பந்தி. மார்ச்சில் அவர் மனைவி வந்து, தன் மகன் தௌலெத்துக்கு நிச்சயம் செய்து, என் மகள் மெருயெர்ட் காதில் தோடு போட்டுவிட்டுப் போனாள். செப்டம்பரில் கல்யாணம்.

மே 11, வியாழன்

ஓராஸ்பெக் வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"டாம்பரைத் திறந்தேன், இல்லேன்னு சொல்லல சம்பந்தியம்மா. உள்ள தூசி நிக்குது. மூட்டை கட்டுற பொண்ணுங்க இருமியே சாகுறாங்க. அதான் திறந்தேன். திறந்ததை எழுதியும் வெச்சேன்."

"எழுதாம இருந்திருந்தா?"

"எழுதாம இருந்தா நான் எதுக்கு ஆபரேட்டர்?"

எனக்காகப் பேசுங்கள் என்று கேட்கவில்லை. தேநீர் கொடுத்தேன். இரண்டு கிண்ணம் குடித்தார். மூன்றாவதை வேண்டாம் என்றார். சம்பந்தி வீட்டுக்காரர் மூன்றாவதை வேண்டாம் என்று சொல்வது நல்ல அறிகுறி இல்லை.

மே 12, வெள்ளி

புகைபோக்கி மேடையில் ஏறி வாயு வேகத்தை அளந்தேன். ஓராஸ்பெக் வைத்த நிலையில் நொடிக்கு 3.1 மீட்டர். துளி பறக்காமல் இருக்கக் கையேட்டில் உள்ள எல்லை 3.5. அடுத்த ஷிஃப்டில் டாம்பர் பழைய நிலையில், 2.7.

இரண்டு ஷிஃப்டுக்கும் தட்டுகளை மாற்றி மாற்றி வைத்தேன். ஓராஸ்பெக் ஷிஃப்ட், தட்டு 7: 205. மற்ற ஷிஃப்ட், அதே தட்டு: 198. வித்தியாசமே இல்லை. வேகம் காரணமில்லை.

தாளை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மிக மரியாதையாகச் சொன்னார்: "கம்ஷாத், உங்க இடத்துல நான் இருந்தாலும் சம்பந்திக்காகப் பேசத்தான் செய்வேன். புரியுது எனக்கு."

மே 13, சனி

சம்பந்தின்னா எண்ணினதும் பொய்யாயிடுமா? இருபத்திரண்டு வருஷம் என் கணக்கைக் கொண்டுபோய்ச் சோதனைக் கமிஷன் முன்னாடி வெச்சப்போ இனிச்சது, இப்போ கசக்குதா? 205, 198. அது ஓராஸ்பெக்குக்கு என்ன உறவு? மாமனா மச்சானா?

சரி. போதும். துணி துவைத்தேன். வெளியே காயப்போடவில்லை.

மே 15, திங்கள்

ஸ்க்ரப்பரில் தண்ணீர் தெளிக்கும் குழாய்முனைகள் பதினெட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு தேய்ந்திருந்தன. மாற்றினோம். தட்டு 7: 201. பயனில்லை.

பிறகு துளிப்பிடிப்பானுக்குப் போனேன். கழுவிய வாயு புகைபோக்கிக்குப் போகும் முன் ஒரு பெரிய பெட்டிக்குள் நுழைகிறது. உள்ளே வளைந்த பிளாஸ்டிக் தகடுகள் அடுக்கிய இருபத்துநாலு சட்டங்கள். வாயு வளைந்து போகும், துளி வளைய முடியாமல் தகட்டில் மோதும், தகட்டின் கொக்கி அதைப் பிடித்துக் கீழே இறக்கும், வடிகுழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும். இவ்வளவுதான் விஷயம்.

வடிகுழாயில் காதை வைத்துக் கேட்டேன். எப்போதும் சலசலவென்று ஓடும். இன்று அங்கொன்றும் இங்கொன்றும் சொட்டு. அடைப்போ என்று மேலிருந்து ரப்பர் குழாயால் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். தடையில்லாமல் இறங்கியது. அடைப்பு இல்லை. குழாய்க்கு எதுவும் வருவதில்லை. அப்படியானால் உள்ளே எதையும் பிடிக்கவில்லை.

பெட்டியைத் திறந்தால் தெரியும். திறக்க ஆலையை எட்டு மணி நேரமாவது நிறுத்த வேண்டும்.

மே 16, செவ்வாய்

நிறுத்த அனுமதி இல்லை. "ஓராஸ்பெக் போனா தானா சரியாயிடும்" என்றார் இயக்குநர்.

மெருயெர்ட் சாப்பிடும்போது கேட்டாள்: "அம்மா, தௌலெத் ரெண்டு நாளா சரியாப் பேசல. அவங்கப்பா விஷயத்துல நீ ஏதாவது செய்யப்போறியா இல்லையா?" நான் அளந்துகொண்டிருக்கிறேன் என்றேன். "அளக்குறது செய்யறதாகுமா?" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

மே 18, வியாழன்

காலை ஆறு மணிக்கு அரவை எந்திரத்தின் பேரிங் உடைந்தது. ஆலை தானாகவே நின்றது. யாருக்கு நல்லநேரம் என்று தெரியவில்லை, எனக்கு வாய்ப்பு. மெக்கானிக் ஃபோர்மேன் கென்னாதியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

பெட்டிக் கதவைத் திறந்ததும் கென்னாதி விளக்கை உள்ளே நீட்டினான். பிறகு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டான், மறுபடியும் அதையே சொன்னான்.

இருபத்துநாலு சட்டங்களில் பதினைந்து தலைகீழ். கொக்கிகள் வாயு வரும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. துளி தகட்டில் மோதி, பிடிக்க ஒன்றுமில்லாமல் தகட்டு ஓரம் வரை வழுக்கிப்போய், அங்கிருந்து மறுபடியும் வாயுவோடு பறந்திருக்கிறது.

"ஏப்ரல்ல கழுவினப்போ உன் ஆட்கள்தானே மாட்டினாங்க? சட்டத்துல அம்புக்குறி இருக்குமே. அதைப் பார்க்கலையா?"

"அம்பு இருந்தாத்தானே பார்க்க?" என்றான். ஒரு சட்டத்தை இழுத்து வெயிலில் வைத்தான். பச்சைப் பெயிண்ட். கத்தியால் சுரண்டினான். அடியிலிருந்து சிவப்பு அம்பு எட்டிப்பார்த்தது. "துருப்பிடிக்காத இரும்புக்கு எந்த முட்டாள் பெயிண்ட் அடிச்சான்? ஆஃபீஸ் கூட்டமாத்தான் இருக்கும். சனிக்கிழமைத் துப்புரவு அன்னிக்கு."

நான் அடுத்த சட்டத்தை இழுத்தேன். பதினைந்தையும் திருப்பி மாட்டினோம். மாலை நான்கு மணிக்கு ஆலை ஓடத் தொடங்கியது. வடிகுழாயில் சத்தம் வந்தது.

ஓராஸ்பெக் இன்று காலை கிடங்கில் வேலையை ஏற்றுக்கொண்டார்.

மே 19, வெள்ளி

நான்தான்.

மே 20, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்று ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் 15, சனிக்கிழமை. ஆண்டுதோறும் வசந்தத்தில் மொத்தத் தொழிற்சாலையும் கூட்டிப் பெருக்கி, பாதையோரக் கல்லுக்கு வெள்ளையும் இரும்புக்குப் பச்சையும் அடிக்கும் நாள். மறுவாரம் துணை ஆளுநர் வருவதாக இருந்தது. ஆய்வகம், கணக்கு, பதிவு மூன்று அறைகளின் பதினோரு பெண்களுக்கும் நான் தலைவி. கழுவி முடித்த சட்டங்கள் காய்வதற்காக முற்றத்துச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. "அசையாம நிக்கிற இரும்பு எதையும் விடாதீங்க" என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

கணக்குப் பிரிவு குல்னாரா கேட்டாள்: "அக்கா, இந்த அம்பு மேலயும் அடிக்கவா?"

"அடி. ஒரே நிறமா இருக்கட்டும்."

இது என் வாயிலிருந்து வந்தது. துளிப்பிடிப்பானின் வரைபடத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய என் வாயிலிருந்து. அன்று அது துளிப்பிடிப்பானாகவே என் கண்ணில் படவில்லை. முற்றத்தில் நின்ற இரும்பு, அவ்வளவுதான். பெயிண்ட் தீர்வதற்குள் முடிக்க வேண்டும், பொரித்த பௌர்சாக் ரொட்டியும் தேநீரும் ஆறுகின்றன.

கைப்பேசியில் படம் இருக்கிறது. பதினோரு பெண்களும் தூரிகைகளோடு சிரித்துக்கொண்டு. நடுவில் நான். என் தூரிகை நேராக ஒரு சிவப்பு அம்பின் மேல். பாதி அடித்த அம்பு.

தட்டு 7: 3. தட்டு 8: 0. தட்டு 12: 1.

மே 22, திங்கள்

கூட்டத்தில் இயக்குநர் என் தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "பாருங்க. பதினெட்டாம் தேதி ஓராஸ்பெக்கை எடுத்தோம். பதினெட்டுலேர்ந்து ஒரு புள்ளி இல்ல. கம்ஷாத்தே எண்ணினது. சம்பந்தியம்மாவே எண்ணினதுக்கு மேல என்ன வேணும்?" சிலர் சிரித்தார்கள்.

கென்னாதி எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் மேசையைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் வராந்தாவில் கென்னாதி பின்னாலேயே வந்தான். "அக்கா, திருப்பி வெச்சாச்சு. பிரச்சினை தீர்ந்துச்சு. தப்பா மாட்டினது என் ஆளுங்க, அடிச்சது உங்க ஆளுங்க. ரெண்டு பேரும் சும்மா இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது."

"ஓராஸ்பெக்குக்கு?"

"கிடங்குல நிழல்ல உட்கார்ந்திருக்காரு. என்ன குறைச்சல்?"

மே 23, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. காரணங்கள்: இயக்குநர் தராஸ் நகருக்குப் போயிருந்தார். பல் வலி. இரண்டுமே உண்மை.

மே 24, புதன்

பஸ்ஸில் ஓராஸ்பெக் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நானே எழுந்துபோயிருப்பேன், இடமில்லை.

"நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தியம்மா. தௌலெத்கிட்ட சொல்லிட்டேன், பெரியவங்க வேலை விஷயம் வேற, கல்யாணம் வேறன்னு. தோடு போட்ட பொண்ணுக்கு எங்க வீட்டுல ஒரு குறையும் வராது."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"யோசிச்சுப் பார்த்தேன்" என்றார். "ஒருவேளை நான்தானோ என்னவோ. டாம்பரைத் திறந்தது நான். நான் போனதும் நின்னுடுச்சு. நீங்களே எண்ணினீங்க. எனக்குப் பழகின வேலைன்னு நெனச்சேன், இருபத்தாறு வருஷம். கைக்குத் தெரியும்னு நெனச்சேன். இத்தனை நாள் தப்பாத்தான் செஞ்சிருக்கேன் போல. ஸீனா அம்மாவோட வெள்ளரியெல்லாம் என்னால கெட்டுதுன்னு நெனச்சா..."

அவர் நிறுத்தம் வந்தது. இறங்கிப் போனார்.

பாவி. நான் பாவி. அந்த மனுஷன் தன்னையே சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டாரு. பென்ஷன் போனாக்கூடப் பரவாயில்ல, இது? என்னத்தச் சொல்லி இதைத் திருப்பிக் குடுக்கறது?

மே 25, வியாழன்

அறிக்கை ஒரு பக்கம். தேதி, சட்டங்களின் எண்ணிக்கை, தலைகீழாக இருந்தவை, பெயிண்ட், கொக்கிகளின் திசை, திருப்பிய நேரம், அதற்கு முன்னும் பின்னும் புள்ளிகள். கீழே ஒரு வரி: அம்புக்குறிகளின் மேல் பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான். படத்தை அச்செடுத்து இணைத்தேன். குல்னாரா பெயரை எழுதவில்லை. கென்னாதி பெயரும் இல்லை. அவன் எதையும் கேட்கவில்லை, ஆனால் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "அப்போ நான் மட்டும் ஏன் ஒளியணும்?" என்று பேனாவைப் பிடுங்கி அடியில் தன் கையெழுத்தையும் போட்டான். அந்தக் கெட்ட வார்த்தையை மூன்றாவது முறை சொன்னான்.

இயக்குநர் முதல் வரியைப் படித்ததும் தொடங்கினார்: "மறுபடியும் சம்பந்திக்காகவா..." பக்கத்தைத் திருப்பினார். படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. என் தூரிகையை விரலால் தொட்டார்.

"இது நீங்கதானே?"

"நான்தான்."

"வேகத்தை அளந்து கொண்டுவந்தீங்க, நம்பல. இதை எப்படி நம்பாம இருக்கறது?" என்றார். எரிச்சலாகத்தான் சொன்னார். பிறகு, "நாளைக்குக் குடுங்களேன். ராத்திரி யோசிச்சுட்டு. பதிவேட்டுல ஏத்திட்டா என்னாலயும் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அன்று இருந்த மரியாதைதான் இன்றும் இருந்தது.

நானே பதிவு அறைக்குக் கொண்டுபோய் எண் போட்டு வாங்கினேன். எண் 418.

பிறகு பல் மருத்துவரிடம் போனேன். பிடுங்கிவிட்டார்.

மே 31, புதன்

இரண்டு உத்தரவுகள். ஓராஸ்பெக்கின் மாற்றம் ரத்து, நடுவில் போன நாட்கள் பட்டியல் வேலையாகவே சேரும். அடுத்த தாளில் என் பெயர். கென்னாதிக்குக் கண்டிப்பு மட்டும்.

மெருயெர்ட் இரண்டையும் வாங்கிப் படித்தாள். "செஞ்சியா?" என்றாள். செய்தேன் என்றேன். என் கன்னத்தின் வீங்கிய பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

வருத்தமில்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. தட்டுகளை இனி லாரிசா எண்ணுவாள். அவள் அவசரக்காரி, பத்தைத் தாண்டினால் உத்தேசமாகப் போடுவாள்.

ஜூன் 14, புதன்

கிடங்கு. காலை எட்டிலிருந்து ஐந்து வரை. கையுறை, முகமூடி, ரப்பர் வளையம், திருகாணி. எதையும் அளக்க வேண்டாம், எண்ணினால் போதும். முதல் வாரம் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து எண்ணினேன். மூன்று பெட்டிகளில் எண்ணிக்கை தப்பு. யாரும் எதிர்பார்க்கவில்லை, யாருக்கும் பிடிக்கவுமில்லை.

பதினோரு மணிக்கு ஓராஸ்பெக் வந்தார். ஷிஃப்டுக்குக் கையுறை வேண்டுமாம், பன்னிரண்டு ஜோடி. வழக்கமாக இதற்கு வேறு ஆளை அனுப்புவார்கள். சீட்டை நீட்டினார். எண்ணிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். போகவில்லை.

"மூட்டை கட்டுற இடத்துல தூசி எப்படி?" என்று கேட்டேன்.

"டாம்பரைத் திறந்துதான் வெச்சிருக்கேன். எழுதியும் வெச்சிருக்கேன்."

"தட்டு 7?"

"நாலுங்கறா லாரிசா."

"நாலா, உத்தேசமா நாலா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு நான் ஏதோ எழுதத் திரும்பினேன்; நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. வந்த நாளிலிருந்து இப்படித்தான், மேசையைப் பிடித்துக்கொண்டே எழுதுவேன்.

"இன்னும் ஆடுதா அது?" என்றார். "இடது பின்னங்கால். நான் இருந்தப்பவே சரி பண்ணணும்னு நெனச்சேன். எந்திரிங்க சம்பந்தியம்மா."

எழுந்தேன். தொப்பியை மேசையில் வைத்துவிட்டு முட்டி போட்டுக் குனிந்தார். கையிலிருந்த தாளை நான்காய், எட்டாய் மடித்து நாற்காலிக் காலுக்கு அடியில் செருகினார். கையால் அழுத்தி ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. "உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். அப்புறம்தான் கையுறைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு தேடினேன், கையுறைச் சீட்டைக் காணோம். நாற்காலிக்கு அடியில் இருக்கிறது. வேறு ஒன்று எழுதி வைத்துக்கொண்டேன்.